கருத்துளை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த நான், ஒரு சின்ன அறிவியல் மாத இதழுக்கு ஆதிக் கருந்துளைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். நட்சத்திரம் செத்து உண்டாவது சாதாரணக் கருந்துளை. இவை அப்படியல்ல. பிரபஞ்சம் பிறந்த முதல் நொடியிலேயே, நட்சத்திரம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே, நெருக்கம் கூடிப்போன இடங்கள் தாமாக உள்ளே சரிந்து உண்டாகியிருக்கலாம்.

தாம்பரம் அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தது. பிழை பார்ப்பது என் கணவரின் வேலை. ரயில்வே குமாஸ்தா, இயற்பியல் வாசனையே கிடையாது, ஆனால் ஒற்றுப்பிழையை மட்டும் விடமாட்டார். சேலையூர் வீட்டில் ஞாயிறு காலை நான் அவரைக்காய் நறுக்க, அவர் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். நடுவில் குரல் நின்றது.

எட்டிப் பார்த்தேன். அச்சுக் கோத்தவர் கருந்துளை என்ற சொல்லில் 'ந்' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'த்' போட்டிருந்தார். ஆதிக் கருத்துளை. கருவில் விழுந்த துளை என்றுதான் எனக்குப் பட்டது.

இரண்டு மாதம் முன்புதான் எனக்குக் கரு கலைந்திருந்தது. "அதெல்லாம் கணக்குல சேராது, அடுத்தது நிக்கும்" என்று காலனியே வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனது. கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரோ வாயே திறக்கவில்லை. இவருக்கும் அது கணக்கில் இல்லை போலும் என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இத யாராவது பார்த்திருக்காங்களா?"

"இல்ல. ரொம்பச் சின்னதெல்லாம் எப்பவோ ஆவியாப் போயிருக்கும்."

"அப்புறம் எதுக்குத் தேடறாங்க?"

"கிடைச்சா, ஆரம்பத்துல எல்லாம் எவ்ளோ மேடுபள்ளமா இருந்துதுன்னு தெரியும். கிடைக்கலைன்னாலும், இவ்ளோக்கு மேல இருந்திருக்காதுன்னு சொல்லலாம். எப்படியும் அதைக் கணக்குல வெச்சுத்தான் ஆகணும்."

தலையாட்டினார். ஒவ்வொரு 'த்'தாக அடித்து 'ந்' போட்டார். கடைசித் தாளில் சிவப்பு மை ஒரு இடத்தில் நனைந்து கலங்கியிருந்தது. கண்ணாடி துடைக்கிற சாக்கில் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அன்றோடு அவர் மேல் இருந்த கோபம் போயிற்று.

அடுத்த வருடம் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஆயாம்மா கட்டிலைச் சரி செய்துகொண்டே கேட்டாள்: "இன்னாம்மா, தலைச்சனா?"

வலியில் நான் வாய் திறப்பதற்குள், கதவோரம் நின்றிருந்தவர் சொன்னார்: "இல்லம்மா. ரெண்டாவது."