கப்பலேறிய கல்யாண மாலை

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நான்கு பெட்டிகள், இரண்டு தோள்பைகள், ஒரு குடை. பயணம் மூன்று இரவு, போகிறவர்கள் இரண்டே பேர்: நானும் என் வீட்டுக்காரரும். காரோட்ட வந்த எங்கள் மகள் கவிதா பெட்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, கப்பலுக்குப் போறீங்களா, குடி மாறிப் போறீங்களா?"

"முதல் தடவைலா. என்ன தேவைப்படும்னு யாருக்குத் தெரியும்?" என்றேன்.

ஒரு வாரமாக வீட்டில் இதே பஞ்சாயத்துதான். கப்பலில் குளிர் அதிகம் என்று ஒருவர் சொன்னதால் இரண்டு கம்பளிச் சட்டைகள். தலை சுற்றும் என்று இன்னொருவர் சொன்னதால் மாத்திரையும் தைலமும். சாப்பாடு காரமாக இருக்காது என்று எல்லோரும் சொன்னதால் நெத்திலிச் சம்பல், எலுமிச்சை ஊறுகாய், காபிப் பொட்டலங்கள். கொண்டுவரக் கூடாதவற்றையும் கப்பல்காரர்கள் சொல்லியிருந்தார்கள்: சோற்றுப் பானை, கெட்டில், மெழுகுவர்த்தி, கற்பூரம், இஸ்திரிப் பெட்டி. கடைசியாகச் சொன்னதில்தான் என் வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல். ஷா ஆலம் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்த காலம் முழுக்கக் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போகாத மனிதர். அவர் பெட்டியிலிருந்து இஸ்திரிப் பெட்டியை நான் இரண்டு முறை வெளியே எடுத்து வைத்தேன்.

ஆனால் நான் கொண்டுபோக நினைத்த முக்கியமான பொருள் இன்னும் வாங்கப்படவே இல்லை. அது அவருக்குத் தெரியாது.

அவருக்கு இந்த மாதம் அறுபது முடிகிறது. மண்டபம் எடுத்து அறுபதாம் கல்யாணம் செய்யலாம் என்று கவிதா ஆரம்பித்ததுமே மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "மேடையில உக்காந்து நாலு பேரு பார்க்க மாலை போட்டுக்கிறதா? ஆள விடும்மா." கூட்டம் என்றாலே அவருக்கு வியர்த்துவிடும். அதற்குப் பதில் இருவரும் கப்பலில் போய் வாருங்கள் என்று கவிதா பணம் கட்டினாள். நாளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மட்டும் என்னிடம் வந்தது. நான் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அவருடைய நட்சத்திரம் கடலின் நடுவே வருகிற மாதிரி ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். எங்கள் கல்யாணத்தன்று கிள்ளானில் வெள்ளம். மாலை கொண்டுவந்த வேன் பாதி வழியில் நின்றுவிட்டது. முகூர்த்தம் போய்விடும் என்று மாலை இல்லாமலே தாலி கட்டினார். கல்யாணப் படத்தில் இரண்டு பேர் கழுத்தும் வெறுமையாக இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் "பதிவுக் கல்யாணமா?" என்று கேட்பார்கள். முப்பது வருடங்களுக்கு மேலாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டேன். அவர் கையால் ஒரு மாலை என் கழுத்தில் விழ வேண்டும். ஆசை அவ்வளவுதான். நேரில் கேட்டால் மாட்டேன் என்பார். கப்பலில் நட்சத்திர நாளன்று காலையில் மாலையைக் கையில் கொடுத்துவிட்டால் எங்கே ஓட முடியும்?

கிள்ளானை எட்டரை மணிக்குத் தொட்டோம். "வெற்றிலை வாங்கணும்" என்று சொல்லி ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் பக்கத்துச் சந்தில் காரை நிறுத்தச் சொன்னேன். பூக்கடையில் சம்பங்கியும் சிவப்பு ரோஜாவுமாகக் கட்டிய மாலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஜோடி நூற்று நாற்பது ரிங்கிட். பூக்கட்டுகிற பெண் விலை சொல்லிக்கொண்டே கேட்டாள்:

"யாருக்குக் கா கல்யாணம்? பொண்ணு வீடா, மாப்பிள வீடா?"

"பொண்ணு நான்தான்."

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எப்போது என்று கேட்டுக்கொண்டு பத்து ரிங்கிட் குறைத்தாள். "நாளைக் காலைக்குன்னா தண்ணி தெளிக்காதீங்க கா, அழுகிடும். வாழ இலைக்குள்ள வச்சு ஈரத்துணி மூடிடுங்க. வெயில் மட்டும் படக்கூடாது." மீன் வைக்கிற வெள்ளை ஐஸ் பெட்டி ஒன்றை, நன்றாகக் கழுவித் துடைத்து, அவளே அடுக்கிக் கொடுத்தாள்.

காரின் பின்பக்கத்தில் அதை வைத்தபோது என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"முறுக்கு."

"முறுக்குக்கு ஐஸ் பெட்டியா?"

"நமுத்துப் போகாம இருக்க."

"சரி" என்றார். எவ்வளவு லேசாக ஏமாறுகிறார் என்று எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. உண்மையிலேயே வெற்றிலையும் மஞ்சளும் வாங்கத் திரும்பவும் கடைத்தெருவுக்குப் போனேன். நான் வந்தபோது அவர் காரின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

கிள்ளானிலிருந்து பூலாவ் இண்டா முனையம் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் கொள்கலன் லோரிகள். அவற்றுக்கு நடுவே கவிதாவின் சின்ன கார் நெளிந்து நெளிந்து போனது. பாலம் ஏறியதும் தூரத்தில் கப்பல் தெரிந்தது. கப்பல் என்று சொன்னால்தான் நம்ப முடியும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளை வரிசையாகத் தண்ணீரில் நிறுத்தி வெள்ளையடித்த மாதிரி இருந்தது. "அய்யோ, இவ்வளவு பெருசா?" என்று நான் கத்திவிட்டேன்.

முனையத்தில் ஒரு பழக்கம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நீங்கள் முதல்முறை போகிறவர் என்றால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கி, அறை எண்ணை ஒட்டி, தனியாக அனுப்பிவிடுகிறார்கள். அவை உங்கள் அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். மருந்து, மாற்றுத்துணி, நீச்சலுடை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். நான் கடவுச்சீட்டுகளைத் தேடி எடுத்து நிமிர்ந்தபோது, எங்கள் பெட்டிகள் வண்டியில் உருண்டு போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே என் வெள்ளை ஐஸ் பெட்டி.

"அது எதுக்குக் குடுத்தீங்க?"

"முறுக்குதானே? கனமா இருந்துச்சு."

முறுக்கு என்று சொன்னது நானாயிற்றே. கப்பலேறினேன்.

பிற்பகல் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் பிரியாணி, பருப்பு, மீன்குழம்பு எல்லாம் இருந்தன. காரமும் போதுமானதாக இருந்தது, என் சம்பலுக்கு வேலையே இல்லை. நான்கு மணிக்குக் கப்பல் நகர்ந்தபோது எல்லோரும் மேல்தளத்தில் நின்று கரையைப் பார்த்துக் கையசைத்தார்கள். நான் மட்டும் ஆறு முறை கீழே போய் எங்கள் அறை வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். ஐந்தரைக்கு மூன்று பெட்டிகள் வந்தன. ஆறு மணிக்கு நான்காவது வந்தது. ஐஸ் பெட்டி வரவில்லை.

ஏழு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எந்தச் சூட்டில் எங்கே கிடந்து வாடுகிறதோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையும் மாலை வழியிலேயே நின்றுவிட்டதே என்று நினைத்தேன்.

"ஏங்க, அது முறுக்கு இல்ல" என்றேன். "மாலை."

அவர் எழுந்தார். செருப்பை மாட்டினார், கதவைத் திறந்தார், போய்விட்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். பின்னாலேயே ஓடினேன்.

அவர் போனது கீழ்த்தளத்தில் இருந்த ஒரு சின்ன அறைக்கு. சோதனையில் நிறுத்திவைத்த பெட்டிகளுக்குச் சொந்தக்காரர்கள் அங்கே வரிசையில் நின்றார்கள். கெட்டில் கொண்டுவந்தவர்கள், மெழுகுவர்த்தி கொண்டுவந்தவர்கள், வாடை வீசும் டுரியான் பழக் கேக் கொண்டுவந்த ஒரு சீனத் தம்பதி. எங்களுக்கு முன்னால் நின்ற தமிழ் அம்மாள் என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டார். கேரி தீவிலிருந்து உறவுக்காரர்கள் எட்டுப் பேரோடு வந்திருக்கிறாராம். பெயர் மாரியம்மாள்.

"சோத்துப் பானைய புடுங்கிட்டானுங்க அக்கா. அரிசிய மட்டும் குடுத்துட்டானுங்க. பானை இல்லாம அரிசிய வச்சு நான் என்ன பண்ண?"

எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் சீருடையில் ஒரு பிலிப்பினோ பெண். பெட்டிக்குள் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, அதனால்தான் நிறுத்தினோம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்கவே முடியாது. நான்தான் இதை வாங்கி அடுக்கினேன்" என்று சண்டைக்குப் போனேன். அவள் பொறுமையாக மூடியைத் திறந்தாள். ஈரத்துணிக்கு மேலே, என் வீட்டுக்காரரின் கோடு போட்ட துண்டில் சுற்றி, இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

அந்தப் பெண் இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஈரத்துணியையும் வாழை இலையையும் விலக்கினாள். அறையின் குளிரில் ரோஜாக்கள் சிவந்தபடியே இருந்தன. ஓரத்தில் நாலைந்து பூக்கள் மட்டும் கறுத்திருந்தன. வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. இது எதற்கு என்று அவள் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார். மேடை என்றாலே வியர்க்கிற மனிதர், அத்தனை பேர் முன்னிலையில், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார்: "கல்யாணம். நாளைக் காலையில். எனக்குத்தான்."

மணப்பெண் யார் என்று அவள் கேட்டாள். என்னைக் காட்டினார். டுரியான் கேக் தம்பதிதான் முதலில் கைதட்டினார்கள். மாரியம்மாள் அந்த இடத்திலேயே குலவை போட்டுவிட்டார். பெட்டி எங்களிடம் வந்தது. இஸ்திரிப் பெட்டி மட்டும் திங்கட்கிழமை வரை அங்கேயே இருக்கும் என்றாள் சீருடைப் பெண்.

மின்தூக்கியில் ஏறியதும் அவரைக் கேள்வியால் பிடித்துக்கொண்டேன்.

"மாலைய எப்போ பார்த்தீங்க?"

"கிள்ளான்லயே. நீ வெத்தல வாங்கப் போனப்ப, இஸ்திரிப் பெட்டிய ஒளிச்சு வைக்க ஐஸ் பெட்டியத் தொறந்தேன்."

"அப்பவே ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா நான் வேணாம்னு சொல்லணும்ல? இவ்வளவு நாளா வேணாம் வேணாம்னுதானே சொல்லிட்டிருக்கேன்."

"கப்பல்ல இஸ்திரிப் பெட்டி எதுக்கு உங்களுக்கு?"

"வேட்டி கசங்கியிருந்தா?"

"எந்த வேட்டி?"

அறைக்கு வந்து தன் பெட்டியைத் திறந்து காட்டினார். சட்டைகளுக்கு அடியில், கடை மடிப்புக் கலையாமல், ஜரிகை போட்ட பட்டு வேட்டி. பிரிக்பீல்ட்ஸில் வாங்கியது, என்னோடு போகாமல். "கப்பல் தேதிய நீ எடுத்தப்பவே எனக்குத் தெரியும், சரசு. என் நட்சத்திரம் எனக்குத் தெரியாதா?" என்றார். நான் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.

வேட்டியில் மடிப்பு விழுந்துதான் இருந்தது. அதை மெத்தைக்கு அடியில் விரித்து, மேலே படுத்துத் தூங்கினோம்.

சனிக்கிழமை காலை ஏழேகால். மேல்தளத்தில் காற்று, சுற்றிலும் கரையே தெரியாத மலாக்கா நீரிணை. தீ மூட்டக் கூடாது, கடலில் பூப்போடக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு கப்பல்காரர்கள் ஓர் ஓரத்தை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஐயர் இல்லை, அதனால் தாலி கட்டுவதை நானே வேண்டாம் என்றுவிட்டேன். மாரியம்மாள் தன் எட்டுப் பேரோடு வந்து வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய அரிசியையும் என் மஞ்சளையும் கலந்து அட்சதை தயார். மேளத்துக்கு நான்கு தட்டும் கரண்டியும்.

"அண்ணே, கொஞ்சம் நிமிந்து நில்லுங்க. மாப்பிள மாதிரி இருக்க வேணாமா?" என்று அதட்டினார். "ம்ம், கெட்டி மேளம்!"

அவர் மாலையைத் தூக்கினார். காற்று இழுத்தது. முதல் தடவை மாலை என் காதில் மாட்டிக்கொண்டது. மெதுவாக விடுவித்து, கீழே இறக்கி, ரோஜா என் நெஞ்சில் படும்படி சரிசெய்தார். ஈரமும் கனமும் குளிர்ச்சியுமாக அது கழுத்தில் உட்கார்ந்ததை என்னால் எழுதிக் காட்ட முடியாது. மூன்று முறை மாற்றிக்கொண்டோம். தெரியாதவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள். துடைப்பத்தோடு காத்திருந்த கப்பல் பணியாளரும் ஒரு பிடி அட்சதை வாங்கிப் போட்டுவிட்டு, பிறகு அதைக் கூட்டினார்.

முடிந்ததும் நான் மாலையைக் கழற்றினேன். அவர் கழற்றவில்லை. பட்டு வேட்டியும் மாலையுமாகக் காலை உணவு வரிசையில் தட்டோடு நின்றார். முட்டை பொரிக்கிறவர் வாழ்த்தினார், கை குலுக்கினார். பின்னால் நின்ற ஆஸ்திரேலியக்காரர் ஏதோ கேட்க, அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கிள்ளான் வெள்ளத்திலிருந்து ஆரம்பித்து முழுக்கதையையும் சொன்னார். ரொட்டி சானாய் ஆறிப்போனது. நான் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பினாங்கில் இறங்கி நடந்தோம், லக்சா சாப்பிட்டோம், மழைக்கு ஒரு மணிநேரம் ஒதுங்கினோம். குடை அறையிலேயே இருந்தது. திங்கள் காலை பெட்டி கட்டும்போது பார்த்தேன்: கம்பளிச் சட்டைகளைத் தொடவில்லை, சம்பல் திறக்கவில்லை, மாத்திரை அப்படியே இருந்தது. பாதிச் சுமை வீண். ஆனாலும் கப்பலை விட்டு இறங்க எனக்கு மனமே வரவில்லை. வீட்டுக்குப் போனால் சமையல், துணி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம். இங்கே அவர் மூன்று நாளாக யாரைப் பார்த்தாலும் தானாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்.

பூலாவ் இண்டா முனையத்தின் வாசலில் கவிதா காத்திருந்தாள். அப்பாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டே கேட்டாள்:

"எப்படிப்பா இருந்துச்சு கப்பல்?"

"கப்பலா?" என்றார் என் வீட்டுக்காரர். "கல்யாண வேலையில அதையெல்லாம் எங்கம்மா சுத்திப் பார்க்க நேரம்?"