மார்கரெட் பார்க்காத வட்டங்கள்

மார்கரெட்டும் நானும் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினொரு வருஷம் வேலை பார்த்தோம். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் இருந்தது அது. நான் மருந்து கொடுப்பவன். மார்கரெட் பரிசோதனைக் கூடத்தில். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

அவருடைய அப்பா தேவசகாயம் அடுத்தவர் நிலத்தில் ஏரும் அறுப்புமாக உழைத்தவர். அந்தக் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் மார்கரெட். செங்கல்பட்டில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, 1994-இல் எங்களிடம் வந்து சேர்ந்தார். வேலையில் சுத்தம். யாராவது ரிசல்ட்டை வாய் வார்த்தையாகக் கேட்டால்கூட, ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததைக் கேட்டவர்கள் அவரைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

2000-ஆம் வருஷக் கடைசியில் காசநோய்த் திட்டத்துக்காகப் புது மைக்ராஸ்கோப் வந்தது. மார்கரெட்டுக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். சளியை ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, கண்ணை வைத்தால் ஒரு நீல வட்டம் தெரியும். கிருமி இருந்தால் அதில் சிவப்பாக, கிள்ளிப்போட்ட நூல் மாதிரி கிடக்கும். ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி நூறு வட்டம் பார்க்க வேண்டும். நூறிலும் இல்லையென்றால்தான் ‘நெகட்டிவ்’ என்று எழுதலாம். ஒருவருக்கு மூன்று ஸ்லைடு.

அடுத்த செப்டம்பரில் பொன்னி வந்தாள். இருபத்தாறு வயசு. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் சிலைகளுக்குப் பாலீஷ் போடுகிற வேலை. புருஷன் சம்பத் அங்கேயே கல் ஏற்றி இறக்குபவன். ஒரு மாதமாக இருமல் என்று டாக்டர் வேதாந்தத்திடம் சொன்னாள். டாக்டர் சளி பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

சிற்பக் கூடத்திலிருந்து இருமிக்கொண்டு வருகிறவர்கள் எங்களுக்குப் புதிதில்லை. அந்த வருஷம் மட்டும் முப்பது பேருக்கு மேல் வந்திருப்பார்கள். எல்லோருக்கும் நெகட்டிவ். கல் தூசி என்று எங்களுக்கே ஒரு முடிவு இருந்தது. பொன்னியின் முதல் ஸ்லைடை மார்கரெட் நூறு வட்டமும் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுநாள் வந்த இரண்டு ஸ்லைடிலும் பதினைந்து வட்டத்தோடு நிறுத்திவிட்டு, மூன்றுக்கும் நெகட்டிவ் என்று எழுதினார்.

ஏன் நிறுத்தினார் என்று பிற்பாடு அவரே எத்தனையோ தடவை யோசித்திருக்கிறார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா, கரண்ட் போய்விட்டதா, மகள் ஜெனிட்டாவுக்கு உடம்பு சரியில்லையா. எதுவுமே இல்லை.

“அவசரம்னு ஒண்ணு இருந்திருந்தா அதுமேல பழியைப் போட்டிருப்பேன் சார்” என்றார் என்னிடம். “எனக்கு நிச்சயமா இருந்தது. அவ்வளவுதான். பார்க்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருந்தது.”

பொன்னிக்கு இருமல் டானிக்கும் மூச்சுத்திணறலுக்கான மாத்திரையும் நான் எடுத்துக் கொடுத்தேன். நான்கு தடவை வந்து வாங்கிக்கொண்டு போனாள். ஒவ்வொரு தடவையும் இளைத்திருந்தாள். “தூசியில நிக்காதம்மா” என்றேன். “நிக்காம எப்டி சார்” என்று சிரித்தாள்.

பிப்ரவரியில் அவள் ரத்தமாகத் துப்பியதைப் பார்த்துச் சம்பத் பயந்து, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனான். அங்கே எக்ஸ்ரே எடுத்து, சளியும் பார்த்து, காசநோய் என்று சொன்னார்கள். வாரம் மூன்று நாள் எங்கள் கண்முன் மாத்திரை விழுங்க வேண்டும் என்று சீட்டு எழுதி எங்களிடமே அனுப்பினார்கள். சீட்டு முதலில் என் கைக்குத்தான் வந்தது. மார்கரெட்டிடம் காட்டினேன்.

“செப்டம்பர்ல இல்லாம இருந்திருக்கும். நடுவுல வந்திருக்கும்” என்றார். டாக்டரும் அதையே சொன்னார். அப்படி நடப்பதும் உண்டுதான். நானும் நம்பினேன். நம்புவது மூன்று பேருக்கும் வசதியாக இருந்தது.

பார்த்து முடித்த ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்போம். மாதாமாதம் மேற்பார்வையாளர் வந்து சிலதை எடுத்து மறுபடி பார்ப்பார். பொன்னியுடையது அவர் கையில் சிக்கவில்லை. அந்தப் பெட்டி மார்கரெட்டின் மேஜைக்கு எதிரே அலமாரியில் இருந்தது. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். மூன்று மாதம் அவர் எடுக்கவில்லை.

மார்ச் கடைசியில் பொன்னியின் மகள் கல்யாணிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வயசு. வாந்தி, பிறகு வலிப்பு. காசநோய் மூளை உறைக்குப் போயிருந்தது. செங்கல்பட்டில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்து குழந்தையைப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான், பின்னால் நின்று கூப்பிட்டால் குழந்தை திரும்பவில்லை என்பதைப் பொன்னி கவனித்தாள். காது போய்விட்டிருந்தது.

சம்பத் வந்து இதைச் சொல்லிவிட்டுப் போன மத்தியானம், மார்கரெட் அலமாரியைத் திறந்தார். எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கண்ணாடி உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து, “சார், இங்க வாங்க” என்றார்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். நீலத்துக்கு நடுவே இரண்டு சிவப்புக் கோடு.

“இது இரண்டாவது ஸ்லைடு. முப்பத்தெட்டாவது வட்டம். மூணாவதுல இருபத்திரண்டுலயே இருக்கு. நூறும் பார்த்துட்டேன், மொத்தம் ஏழு” என்றார்.

“பழைய ஸ்லைடு. சாயம் அப்படி இப்படி ஆகியிருக்கும்” என்றேன்.

“சாயம் மங்கும் சார். புதுசா வராது. மங்கின பிறகே இவ்வளவு தெரியுது.”

நான் அப்போது சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். “கழுவிப் போட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது” என்றேன். அவரைக் காப்பாற்றச் சொன்னேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மாத்திரை எடுத்துக் கொடுத்த என்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியுமே” என்றார் மார்கரெட்.

அன்றைக்கே டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, இரண்டு ஸ்லைடையும் கூடவே வைத்தார். டாக்டர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். குழந்தைக்கு எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது, செப்டம்பருக்கு முன்பேகூட இருக்கலாம் என்றார். “அது எனக்கும் தெரியும் டாக்டர். எனக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் எழுதியிருக்கேன்” என்றார் மார்கரெட். டாக்டர் கடிதத்தை மேலே அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்த கையோடு, மார்கரெட் பொன்னி வீட்டுக்குப் போனார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றதால் நானும் போனேன். சிற்பக் கூடங்களுக்குப் பின்னால் ஓலைக் கூரை வீடுகள். பொன்னி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தை மண்ணில் உட்கார்ந்து தட்டைக் கவிழ்த்துக் கவிழ்த்து விளையாடியது.

“வாங்க மேடம். இன்னா இவ்ளோ தூரம்?” என்று எழுந்தாள்.

மார்கரெட் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நூறு பார்க்க வேண்டியது, பதினைந்தில் நிறுத்தியது, இப்போது எடுத்துப் பார்த்தது. எதையும் சுற்றி வளைக்கவில்லை. பொன்னி முறத்தைக் கீழே வைத்தாள்.

“அப்போ, அன்னிக்கே எனக்கு இருந்திச்சி.”

“இருந்தது.”

“நீ பாத்திருந்தா, கொயந்திக்கு வந்திருக்காது?”

அதுவரை ‘நீங்க’ என்றுதான் பேசுவாள்.

“தெரியலை பொன்னி.”

“தெரியலைன்னா?”

“அதுக்கு முன்னாடியே ஒட்டியிருக்கலாம். பின்னாடி ஒட்டியிருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வழியில்ல.”

பொன்னி குழந்தையைப் பார்த்தாள். “வந்திருக்காதுன்னு சொல்லு, உன்ன நாலு கேள்வி கேட்டுட்டுப் போறேன். எப்டியும் வந்திருக்கும்னு சொல்லு, மனசு ஆறிப்பேன். தெரியலைன்னா நான் இன்னா பண்றது? அத்த வச்சிகினு நான் எங்க போறது?”

ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்களேன் என்று எனக்கே கெஞ்சத் தோன்றியது. பொன்னிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிய அப்படியே நின்றார். பொன்னி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

துறையிலிருந்து மெமோ வந்தது. மார்கரெட் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். தண்டனை பெரிதாக ஒன்றுமில்லை. அதுவே அவருக்கு வேதனையாக இருந்தது என்று நினைக்கிறேன். பொன்னி மிச்ச மாத்திரைகளை என்னிடம் வந்து விழுங்கிவிட்டுப் போவாள். பரிசோதனை அறைப் பக்கம் திரும்ப மாட்டாள். அவள் வருகிற நாட்களில் மார்கரெட் வெளியே வர மாட்டார். ஆறு மாதத்தில் பொன்னிக்குக் குணமாயிற்று.

2005-இல் மார்கரெட்டுக்குச் செங்கல்பட்டுக்கு மாற்றலாகியது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து நடந்ததை அவர் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாள் பொன்னி மகளோடு நின்றுகொண்டிருந்தாளாம், கையில் ஒரு ஃபாரத்தோடு. கல்யாணிக்கு ஊனமுற்றோர் அடையாள அட்டை வாங்க வந்திருந்தாள். மார்கரெட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“இத்த எங்க குடுக்கறது?”

மார்கரெட் அழைத்துக்கொண்டு போய் வரிசையில் கூடவே நின்றார். ஃபாரத்தை வாங்கிய குமாஸ்தா, பிறவியிலேயே இப்படியா என்று கேட்டார்.

“இல்ல. மூணு வயசுல.”

“எதனால?”

தன் பக்கம் கை நீட்டுவாள் என்றே மார்கரெட் காத்திருந்தாராம்.

“மூள காச்சல்” என்றாள் பொன்னி. குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து படியிறங்கும்போது மார்கரெட் கேட்டுவிட்டார். “பொன்னி, நீ என்னதான் நினைக்கிற?”

“நான் ஒண்ணு நெனச்சிகினுதான் கீறேன்” என்றாள் பொன்னி. “அது என்னாண்டயே இருக்கட்டும். உனக்கு வாணாம்.”

மாமல்லபுரம் பஸ் வந்தது. தாயும் மகளும் ஏறினார்கள். கல்யாணி ஜன்னல் வழியாகக் கையாட்டினாள், எல்லோருக்கும் ஆட்டுகிற மாதிரி.

“திட்டியிருந்தா தேவலை சார்” என்றார் மார்கரெட், போனில்.