கத்தாத வண்டி

காட்டுப்பள்ளியில் கட்டட வேலை நடந்த இடத்தில், மணலிலும் சேற்றிலும் ஓடும் பெரிய ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். தூக்கும் கையை நீட்டும்போது பாரம் மிஞ்சினால் சீட்டுக்கடியில் ஒரு பஸ்ஸர் கத்தும். உடனே இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி குப்புறக் கவிழும். எச்சரிக்கை விளக்கு எப்போதோ போய்விட்டது. அந்தச் சத்தம் ஒன்றைத்தான் நம்பியிருந்தேன்.

ஒரு காலை, கம்பிக் கட்டைத் தூக்கியபோது பின்சக்கரம் மணலை விட்டு லேசாக எழும்பியது. பஸ்ஸர் வாயே திறக்கவில்லை. எங்கே தூக்க, எங்கே இறக்க என்று எனக்குக் கை காட்டும் ஆள் கட்டுக்கு நேர் கீழே நின்றிருந்தான். எப்படி இறக்கினேன் என்று எனக்கே தெரியாது.

சந்தேகம் நேராக ராத்திரி ஷிஃப்ட் டிரைவர் மேல் போனது. ஆந்திர எல்லையில் தடா பக்கத்து ஆள். எங்கள் இருவரில் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து அவனுக்கு என் மேல் திடீர்ப் பாசம். "நைனா, நாஷ்டா துன்னியா?" என்று பொட்டலத்தை நீட்டுவான். அன்றும் நீட்டினான். வாங்கி, அவன் தலை மறைந்ததும் நாய்க்குப் போட்டேன். நாய் நன்றாகத்தான் இருந்தது. அப்போதும் மனம் கேட்காமல் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டைக் கழற்றினேன். பஸ்ஸரின் வாயில் துணியைத் திணித்து டேப் சுற்றியிருந்தது. நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணி. அந்த டிரைவர் சட்டையைப் பிடிக்கலாம் என்று அதை எடுத்துக்கொண்டு இறங்கினால், எதிரே கை காட்டும் ஆள் தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தான். அதே நீலக் கட்டம். ஒரு முனை கிழிந்திருந்தது.

"இன்னாயா இது?"

"கோச்சிக்காதண்ணா. அது கத்தினா நீ எறக்கிட்ற, லாரி நின்னுக்கினு கீது. எஞ்சினீரு என்னியத்தான் கண்டபடி திட்றாரு. ஒரே பேஜாரு. அதான் அடச்சேன்."

"கட்டு வுயுந்தா யாரு மேலயா வுயும்?"

"நீதான் பாத்து ஓட்டுவியேண்ணா."

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு இட்லிப் பொட்டலத்தைக்கூட நம்பாத என்னை நம்பி, இவன் தினமும் பாரத்துக்கு அடியில் நின்றிருக்கிறான்!

அவனை இழுத்து வந்து பாரத்துக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தினேன். "இங்கருந்து கை காட்டு. கீய போனா தூக்க மாட்டேன்" என்றேன்.

சீட்டை மாட்டிவிட்டு மறுபடி அதே கட்டைத் தூக்கினேன். பஸ்ஸர் கத்தியது. லாரிப் பக்கமிருந்து எஞ்சினீயரும் கத்தினார். நான் இறக்கினேன்.