படையை விட்டு ஓடியவரின் கால்

எங்கள் குடும்பத்தில் ஏறத்தாழ எல்லோருடைய பாதத்தையும் கையில் ஏந்திப் பார்த்தவர் ஒருவர்தான். அவரை எட்டாம் நம்பர் அக்கா என்போம். பெண்களுக்கான காலணிகள் ஏழாம் அளவோடு நின்றுபோன காலத்தில் அவருடைய கால் எட்டுக்கு வளர்ந்துவிட்டது. ஏறி இறங்கக் கடை மிச்சமில்லை என்றானபின் தாமே கடை வைத்துவிட்டார் என்று கேலியாகச் சொல்வதுண்டு. உண்மையில் அது அவருடைய கொள்ளுத்தாத்தா தொடங்கிய கடை. பேருந்து நிலையத்தின் பின்சந்தில், மருந்துக்கடைக்கும் சாவி செய்பவரின் மேசைக்கும் நடுவே, மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாமவர் நிற்கவேண்டிய அகலத்தில் இருக்கிறது. உத்தரம்வரை அட்டைப்பெட்டிகள். தரையோரம் சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி. அதில் யார் நின்றாலும் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும்.

அக்கா குட்டை முக்காலியில் அமர்ந்து, வந்தவரின் காலைத் தம் மடிமேல் எடுத்து வைத்து அளப்பார். அதனால் அவரைக் குறைவாக எடைபோட்டு ஏமாந்தவர்கள் பலர். ஒருமுறை ஒரு கனவான் விரலைச் சொடுக்கி, "சீக்கிரம் ஆகட்டும்மா" என்றார்.

"வெறுங்காலோட போயிடுங்க சார். அதைவிடச் சீக்கிரம் எதுவும் இல்ல" என்று அக்கா அவர் காலை மடியிலிருந்து இறக்கிவிட்டார்.

தொழிலில் அவருக்கு ஒரு நெறி உண்டு. யாருடைய காலில் என்ன குறை கண்டாலும் அதை வெளியே சொல்லமாட்டார். அவருடைய பாதங்களிலோ எல்லோரும் பார்க்கும்படி ஒன்று உண்டு: இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் நகம்வரை ஒட்டியிருக்கும். அதை மறைக்க அவர் ஒருநாளும் முயன்றதில்லை.

நான் அவருக்குப் பங்காளி முறையில் தம்பி. "பங்காளி" என்று எழுதுவதற்கே எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் கொள்ளுத்தாத்தா தலைமுறையில் அண்ணன் தம்பி இருவர் ஒரே நாளில் படையில் சேர்ந்தார்கள். பெரியவர் போரில் இறந்தார். வீட்டுக்குப் பதக்கம் வந்தது. சின்னவர் திரும்பவில்லை. படையை விட்டு ஓடிவிட்டார் என்று பேச்சு அடிபட்டது. சிறிது காலத்தில் அவருடைய மனைவி புகுந்த வீட்டை விட்டு வெளியேறி, இந்த ஊரில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒருவரோடு குடும்பம் நடத்தினார். அந்தச் செருப்புக்கடைக்காரரின் கொள்ளுப்பேத்திதான் அக்கா. அவர் வேறு யாருமல்லர், பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்த சின்னவரே என்பது அவர்கள் வீட்டின் நம்பிக்கை. அவர் யாரோ, இவர்கள் நம் ரத்தமே இல்லை என்பது பெரியவர் வழியில் வந்த எங்கள் வீட்டின் முடிவு.

குடும்ப ஆவணங்களின் பொறுப்பு தந்தையிடமிருந்து எனக்கு வந்தபோது ஒரு விதியும் கூடவே வந்தது. ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் ஒத்துப்போனால்தான் வம்சாவளிப் படத்தில் மையால் எழுதலாம், அதுவரை பென்சில். எங்கள் கிளை முழுவதும் மையில் இருந்தது. அக்காவின் கிளை, அவருடைய கொள்ளுத்தாத்தா தொடங்கி அவர்வரை, பென்சிலில் இருந்தது. விசேஷங்களுக்கு அவர்களைக் கூப்பிடுவோம். குடும்பப் படம் எடுக்கும்போது யாராவது அவர்களைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்வார்கள்.

பள்ளி ஓட்டப்பந்தயத்தில் அக்கா முதலாவதாக வந்த அன்று, என் பெரியப்பா மகன், "ஓட்டம் அவ பரம்பரை சொத்துடா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். மூச்சிரைக்க நின்ற அக்கா திரும்பிப் பார்த்தார். "ஆமா, எங்களுக்கு ஓடத் தெரியும். உனக்குத் தெம்பிருந்தா வந்து பிடி."

அந்தப் பெரியப்பா மகனை இன்று எல்லோரும் கேப்டன் என்கிறோம். அவர் படை முகாமின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஒரே ஓராண்டு பள்ளி ஹாக்கி அணிக்குத் தலைவராக இருந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அந்தப் பதவியிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கோடையிலும் பளபளக்கும் பூட்ஸ், கணுக்காலுக்கு மேல் ஏறிய காலுறை. பூட்ஸ் மட்டும் அக்கா கடையில்தான். நீங்கள் ரத்தமில்லை என்றாலும் உங்கள் தையல் நிற்கிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சென்ற ஆண்டு கேப்டன் ஒரு காரியத்தில் இறங்கினார். எங்கள் பூர்வீக வீடு இப்போது பல் மருத்துவமனை. அதன் வெளிச்சுவரில், இந்தக் குடும்பத்திலிருந்து படைக்குப் போனவர்களுக்கு ஒரு நினைவுக்கல் பதிக்க மருத்துவரிடம் சம்மதம் வாங்கினார். பிறகு அந்தப் போரைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு அக்காவின் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, நல்ல சேதி. சின்னவர் ஓடவே இல்ல. ஆத்தங்கரைச் சண்டையில அந்தப் பிரிவே காணாமப் போயிருக்கு. இந்தா, அவர் பேரு. கல்லுல ரெண்டு பேரையும் போடுறோம். 'போரில் காணாமற்போனார்'. எவ்வளவு கௌரவம் பாரு!"

அக்கா படத்தை வாங்கிப் பார்த்தார். கையிலிருந்த ஊசியை, நூலுக்குப் பூசும் மெழுகுக் கட்டியில் குத்தினார்.

"சண்டையில காணாமப் போனாருன்னா, இங்க வந்து இந்தக் கடையைப் போட்டது யாரு அண்ணே?"

கேப்டன் குரலைத் தாழ்த்தினார். "அதை ஏன் இப்ப கிளறணும்? அவர் யாரோ நல்ல மனுஷன். உங்க கொள்ளுப்பாட்டிக்கு ஆதரவா இருந்தாரு. நாங்க ஏதாவது சொன்னோமா?"

"சொல்லல. ஓரமா நிக்கத்தான் சொன்னீங்க." அக்கா என்பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, ரெண்டு சான்று இல்லாம மை தொடமாட்டேன்னு மார்தட்டுவியே. இவருக்கு மட்டும் ஒரு புஸ்தகம் போதுமா?"

நியாயமான கேள்வி. கல்லில் அந்த வரி ஏறிவிட்டால் சின்னவர் ஆற்றங்கரையோடு முடிந்துபோவார். கடைக்காரர் என்றென்றைக்கும் வேற்று ஆளாவார். அக்காவின் கிளையை நான் அழித்துவிட வேண்டியதுதான். நான் கேப்டனிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அடுத்த வாரமே அக்காவும் நானும் படை ஆவணக் காப்பகத்துக்குப் புறப்பட்டோம்.

காப்பகத்தின் வாசிப்பறையில் பேனாவுக்கு அனுமதியில்லை. நீண்ட மேசைகள், பச்சை விளக்குகள், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஓர் அலுவலர். சின்னவரின் பெயரைச் சொல்லி நான் முன்பே இருமுறை அங்கே தோற்றுத் திரும்பியிருந்தேன். அந்தப் பெயரில் ஒரு பட்டாளமே இருந்தது.

"படை எண் இருந்தா சொல்லுங்க. பேரை வெச்சுத் தேடினா நானும் ரிட்டயர் ஆயிடுவேன், நீங்களும் ரிட்டயர் ஆயிடுவீங்க" என்றார் அலுவலர்.

பெரியவரின் எண் மட்டும் எங்களிடம் இருந்தது. பதக்கத்தின் விளிம்பில் பொறித்திருந்தார்கள். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு விழித்தேன். அக்கா அதை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேர்ந்தாங்கதானே? ஒரே வரிசையில நின்னிருப்பாங்க. அடுத்த நம்பர் யாருன்னு கேளு."

அடுத்த எண்ணுக்குரியவர் ஒரு தச்சர். நமக்குச் சம்பந்தமில்லாதவர். நான் கோப்பை மூடப்போனேன்.

"முன்னால உள்ளதைக் கேளு தம்பி. அண்ணன்காரன் தம்பியை முன்னால நிறுத்தி, பின்னாலேருந்து தள்ளியிருப்பான். மூத்தவங்க எல்லாம் அப்படித்தான்."

முந்தைய எண்ணின் கோப்பு வந்தது. பெயர் சின்னவருடையது, தந்தை பெயர், ஊர் எல்லாம் பொருந்தின. தொழில்: தோல் தைப்பவர். பணி: குதிரைச் சேணங்களைப் பழுதுபார்ப்பது. அடையாளம் என்ற இடத்தில், இரு பாதங்களிலும் இரண்டாம், மூன்றாம் விரல்கள் ஒட்டியவை என்று இருந்தது. கடைசி வரி சிவப்பு மையில். ஆற்றங்கரைச் சண்டைக்கு முந்தைய பருவத்திலேயே முகாமிலிருந்து தப்பியோடியவர், பிடிபடவில்லை. புத்தகம் எழுதியவர் பழைய பெயர்ப்பட்டியலை அப்படியே இறக்கி, ஓடியவரையும் காணாமற்போனவர்களோடு சேர்த்துவிட்டார் போலும். அவர் ஏன் ஓடினார் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. இல்லாததை நானும் எழுதமாட்டேன்.

சிவப்பு வரியைக் கண்டதும் அக்கா கலங்குவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, செருப்பைக் கழற்றி, அந்த அமைதியான அறையில் தம் வலது பாதத்தை நாற்காலிமேல் தூக்கி வைத்தார்.

"சார், இத்தனை வருஷமா ஒருத்தரைத் தேடிக்கிட்டிருக்கீங்களே, பிடிபடலைன்னு? இந்தாங்க."

அலுவலர் கோப்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "அம்மா, காலை இறக்குங்க. இங்க சாப்பிடக்கூடாது, பேனா கூடாதுன்னுதான் போர்டு இருக்கு. இதுக்கு போர்டு எழுதத் தோணலை" என்றார். ஆனாலும் கோப்பின் நகலில் முத்திரை வைத்துத் தரும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

ஊர் திரும்பியதும் நகராட்சியில் கடையின் முதல் உரிமத்தைத் தேடி எடுத்தேன். சின்னவர் ஓடிய அதே ஆண்டின் இறுதியில், அதே வயதுள்ள, தோல் வேலை தெரிந்த ஒருவர், வேறு பெயரில், இந்தச் சந்தில் கடை திறந்திருக்கிறார். வயது ஒத்தது, தொழில் ஒத்தது, காலம் ஒத்தது. பெயர் ஒக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையை அரைக் கதவாகச் சாத்திவிட்டுப் பேசினோம். கேப்டன், கல்வெட்டுபவர், நான், அக்கா. நகல்களைப் படித்த கேப்டனின் முகம் சிவந்தது.

"சரி, ஓடினவர்தான். ரொம்ப சந்தோஷம்! நான் காணாமப் போனவர்னு மரியாதையா மூடி வெச்சதை நீயே திறந்து வெளிச்சம் போட்டுட்ட. அதோட, இந்தக் கடைக்காரர்தான் அவர்னு இதுல எங்க இருக்கு?"

"என் கால்ல இருக்கு."

"ஒட்டின விரல் ஊர்ல ஆயிரம் பேருக்கு இருக்கும். உங்க அம்மா வழியில வந்திருக்கும். நம்ம குடும்பத்துல யாருக்காவது இருக்கா சொல்லு பாப்போம்."

அக்காவின் பார்வை மெல்லக் கேப்டனின் பூட்ஸ்மீது இறங்கி அங்கேயே நின்றது. எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது: அந்தக் காலுறை இல்லாமல் கேப்டனை நான் பார்த்ததே இல்லை, சிறுவயதில்கூட.

"என்ன பார்க்குற?" என்றார் கேப்டன்.

"ஒண்ணுமில்ல அண்ணே. கடைக்கு வர்றவங்க காலைப் பத்தி நான் வெளிய பேசமாட்டேன். எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான். நீங்க கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

"என்ன மிரட்டுறியா?"

"மிரட்டினா எப்பவோ மிரட்டியிருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு இந்தக் கடையில உட்காரத் தொடங்கினதுலேருந்து உங்க காலை மடியில வெச்சு அளக்குறேன். ஒரு தடவை வாயைத் திறந்திருப்பேனா? நீங்க சும்மாவும் போகலாம். ஆனா காணாமப் போனாருன்னு கல்லுல ஏறுச்சுன்னா, சுத்தியலோட நான் வந்து நிப்பேன்."

கல்வெட்டுபவர் தம் பையைச் சற்றே உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார்.

கேப்டன் என்னைப் பார்த்தார். நான் உதவி செய்யும் நிலையில் இல்லை. "அண்ணே, பார்க்காததை நான் எழுதமாட்டேன். பார்த்ததை அழிக்கவும் மாட்டேன்" என்றேன்.

கேப்டன் கோபத்தோடு கயிறுகளை இழுத்து, இரண்டு பூட்ஸையும் உதறி, காலுறைகளை உருவி எறிந்தார். "பாத்துக்கோங்கடா! எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க! இதுக்குத்தானே?"

இடது பாதத்தில் மட்டும், இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் நகம்வரை ஒன்றாக இருந்தன. வெயில் படாத கால். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

அக்கா சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு, தம் செருப்பைக் கழற்றி, அவர் பாதத்தின் பக்கத்தில் தம் பாதத்தை வைத்தார். தரையோரக் கண்ணாடியில் முகங்கள் தெரியவில்லை, கால்கள் மட்டுமே தெரிந்தன. அளவு கொஞ்சம் வேறு. மற்றபடி ஒரே கால்தான்.

"பெரியவர் கொடுத்ததா, அவங்கப்பா கொடுத்ததா தெரியாது அண்ணே. ஆனா ஒரே வீட்டுச் சரக்கு" என்றார் அக்கா. பிறகு, "இவ்வளவு நாளா இதை மூடி வெச்சு விரலிடுக்கு வெந்து போயிருக்கு பாருங்க. திறந்த செருப்பு ஒண்ணு தைச்சுத் தர்றேன்."

கேப்டன் பேசும்போது குரல் இறங்கியிருந்தது. "சரி. கல்லுல ஓடினார்னு போட வேணாம். படையிலிருந்து விலகினார்னு போடலாம். கேக்க நல்லாருக்கும்."

"ஓடினாருன்னே போடணும்."

"ஏம்மா இந்தப் பிடிவாதம்?"

"உங்க வீட்டுல பதக்கம் இருந்துச்சு. எங்க வீட்டுல ஆள் இருந்தாரு. அவர் ஓடலைன்னா இந்தக் கடை இல்ல, நான் இல்ல. அதைச் சொல்ல எனக்கு என்ன வெக்கம்?"

கல்வெட்டுபவர் என் கையெழுத்தில்தான் வாசகம் வேண்டும் என்றார். பெரியவருக்கு ஒரு வரி எழுதினேன்: பெயர், படை எண், போரில் இறந்தார். அதன்கீழ் சின்னவருக்கு: பெயர், படை எண், படையை விட்டு ஓடினார், செருப்புக்கடை வைத்து வாழ்ந்தார். கேப்டன் அதை இருமுறை படித்துவிட்டுத் தாளைக் கல்வெட்டுபவரிடம் நீட்டினார். அவருடைய கால் இன்னும் வெறுமையாகவே இருந்தது.

அன்று மாலை வம்சாவளிப் படத்தை விரித்து, அக்காவின் கிளையை மேலிருந்து கீழ்வரை மையால் எழுதினேன். சான்று எழுதும் ஓரத்தில் இப்படிக் குறித்தேன்: படைக் கோப்பு, நகராட்சி உரிமம், நேரில் பார்த்த மூன்று பாதங்கள். எனக்குப்பின் இந்தப் பொறுப்புக்கு வருபவர் மூன்றாவதை ஏற்க மறுக்கலாம். மறுத்தால் அக்காவின் கடைக்குப் போய்ச் சொல்லட்டும்.