பச்சை அடித்த எஞ்சின்

எங்கள் வீட்டுக் கார் என் பேரில் இருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, புகாராகத்தான் சொல்கிறேன். ஒரு கல்யாண நாளன்று புடவை வாங்கி வருகிறேன் என்று போன என் வீட்டுக்காரர், ஒரு பழைய காரோடு வாசலில் வந்து நின்றார். ஒரு காலத்தில் மந்திரிகளும் கலெக்டர்களும் போய்வந்த அந்தக் குண்டு வெள்ளைக் கார் இருக்கிறதே, அது. "உன் பேர்லயே எழுதிட்டேம்மா" என்றார். புடவை இன்றுவரை வரவில்லை.

அந்தக் கார் ஒரு நாளும் தானாகக் கிளம்பியதில்லை. அவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவார், நான் பின்னால் நின்று தள்ளுவேன். உறுமத் தொடங்கியதும் நிறுத்த முடியாது, நிறுத்தினால் அணைந்துவிடும். அதனால் இடது பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக உருட்டுவார், நான் ஓடிப்போய்த் தாவி ஏறிக்கொள்ள வேண்டும். பட்டுப் புடவையோடு ஏறியிருக்கிறேன், வளைகாப்புச் சீர்த் தட்டோடு ஏறியிருக்கிறேன். பட்டாபிராமில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். டிக்கியில் என் இரண்டு உள்ளங்கை படும் இடம் மட்டும் பெயிண்ட் தேய்ந்து மங்கலாக இருக்கும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கார் இது.

ஒரு நாள் நெமிலிச்சேரி பக்கத்தில் அது புகையைக் கக்கி ஒரேயடியாக நின்றது. எங்கள் மெக்கானிக் கள்ளிக்குப்பத்திலிருந்து வந்து, பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, எஞ்சின் பூட்ச்சு. இனிமே நீ தள்ளினாலும் ஒண்ணும் வேலைக்கு ஆவாது."

எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்த மெக்கானிக் சும்மா இருந்திருக்கலாம். "இதே வண்டி ஒண்ணு பிரிக்கிறாங்கோ, அண்ணாத்தே. எஞ்சின் சூப்பரா கீது. பேப்பர்லாம் பக்காவா கீது. தூக்கிப் போட்டுக்கினா குதிர மாதிரி ஓடும்" என்று சொல்லித் தொலைத்தார்.

எஞ்சினை மாற்றுவது என்றால் மிக்ஸிக்கு ஜார் மாற்றுவது போல இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிறது. முதலில் மாற்றுவதற்கு அனுமதி வாங்க வேண்டும். மாற்றிய பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். அவர் நம்பரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி ரோட்டுக்கு வரலாம். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். இன்ஸ்பெக்டர் முடியாது என்று சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது, அன்றைக்கே எடைக்குப் போட்டுவிட வேண்டும். என் வீட்டுக்காரர் பானெட் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

வண்டி என் பேரில் இருந்ததால் எல்லாத் தாளிலும் நான்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அடியோடு ஒழியட்டும் என்று நினைத்த காருக்காக, மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் மூடி மேல் தாளை வைத்து, "தயவுசெய்து அனுமதி வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று என் கையாலேயே எழுதினேன். அனுமதியும் வந்தது. எஞ்சினும் மாறியது. காட்ட வேண்டியதுதான் பாக்கி.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரின் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில் பெயிண்ட் செக்‌ஷன். அவர் அப்பா வேலையும் அங்கேதான், பிறந்து வளர்ந்தது குவார்ட்டர்ஸில். அந்த ஆட்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், கை தானாக பிரஷ்ஷைத் தேடும். பெரிய ஆபீஸர் வருகிறார் என்றால் மரத்துக்கு, கல்லுக்கு, குழாய்க்கு, அசையாமல் நிற்கிற எதற்கும் பெயிண்ட் அடிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு என் அண்ணன் வந்தாலே வாசல் தென்னைக்கு இடுப்பு வரை சுண்ணாம்பு ஏறிவிடும்.

இவ்வளவு தெரிந்தும், முந்தின நாள் லீவு போட்டுவிட்டு மெக்கானிக் ஷெட்டுக்குத் தனியாகப் போனவரை நான் எதற்கு என்று கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

மறுநாள் காரை மெக்கானிக்கின் மினி லோடு வண்டிக்குப் பின்னால் கயிற்றால் கட்டி இழுத்துப் போனோம். "ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமே" என்றேன். "கையெழுத்து ஆகாத எஞ்சின ரோட்டுல ஓட்டக் கூடாதும்மா" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ முழுக்க எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் வந்ததும் இவர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

திறந்தோம். உள்ளே எஞ்சின் மேலிருந்து கீழ் வரை பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, பட்டாளத்துப் பச்சை. ஒரு சொட்டு வழியாமல், மூன்று கோட்டு பெயிண்ட், பளபளவென்று.

"இன்னாம்மா இது, டாங்கி எஞ்சினா?" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தக் கலர் மிலிட்டரிய தவிர யாரும் வண்டிக்கு அடிக்கக் கூடாதுன்னு தெரியாது?"

"வெளிய அடிக்கல சார்" என்றார் என் வீட்டுக்காரர். "உள்ள மட்டும்தான் சார். கடையில வாங்கின பெயிண்ட் சார். பில் கீது சார்."

"அது போவட்டும். நம்பர் எங்க?"

நம்பரைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் பதிவெடுத்து விண்ணப்பத்தோடு ஒட்ட வேண்டும். இவர் தாளை வைத்துத் தேய்த்தார். கறுப்பாக ஒரு சதுரம் வந்தது. மறுபடி தேய்த்தார். இன்னும் கறுப்பான ஒரு சதுரம் வந்தது. நம்பர் வெட்டிய பள்ளம் முழுவதையும் இவருடைய மூன்று கோட்டு அடைத்து வைத்திருந்தது.

"நம்பர் தெரியாம நான் எதுல கையெழுத்துப் போடறது? எடுத்துக்கினு போங்க" என்று இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

வருஷக்கணக்காக நான் காத்துக்கிடந்த வார்த்தை அது. எடைக்குப் போட வேண்டியதுதான், சத்தியம் இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இந்த மனிதர் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அட்டென்ஷனிலேயே நிற்கிறார், கண் மட்டும் கலங்கியிருக்கிறது. வாய் திறந்து கெஞ்சக்கூடத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"சார், ஓனர் நான்தான்" என்றேன். "இந்தாளு ஒரு பெயிண்ட் பைத்தியம் சார். பத்து நிமிஷம் குடுங்க. உங்க கண்ணெதிர்லயே நம்பர எடுத்துத் தர்றேன்."

அவர் வாட்சைப் பார்த்துவிட்டு, "அடுத்த வண்டி பாத்துட்டு வர்ற வரைக்கும்தான்" என்றார்.

மெக்கானிக் ஓடிப்போய் தின்னர் வாங்கி வந்தார். நான் தாலிச் செயினிலிருந்து ஊக்கைக் கழற்றினேன். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பானெட்டுக்குள் தலையை விட்டு, தின்னர் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து, ஊறிய பெயிண்டை ஊக்கு முனையால் மெதுவாக நெம்பினேன். துணியில் ஒரு நூல் பிசகினாலே பிடிக்கிற கண் இது, பெயிண்ட் எம்மாத்திரம். முதலில் ஒரு நாலு வந்தது. பிறகு ஒரு சைபர். திரும்பி வந்த இன்ஸ்பெக்டர் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார், நான் ஒவ்வொன்றாகத் தோண்டினேன். சுற்றி எல்.எல்.ஆர். போட வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது. கடைசி எண் ஏழு என்று தெரிந்தபோது யாரோ கைதட்டினார்கள்.

பென்சில் பதிவு பளிச்சென்று விழுந்தது. ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒரே திருப்பு, எஞ்சின் உறுமியது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "பெயிண்ட் டப்பாவ வூட்ல ஒளிச்சு வைம்மா" என்றார்.

கயிற்றை அவிழ்த்து வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினோம். எதிர்க் கடையில் மெக்கானிக்கோடு டீ குடித்தோம். என் வீட்டுக்காரர் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அரை மணிக்கு முன்னால்தான் அது தானாகக் கிளம்பியதைக் கண்ணால் பார்த்தவள் நான். இருந்தும் என் கால் நேரே பின்பக்கம் போனது. டிக்கியில் தேய்ந்த அந்த இரண்டு இடத்தில் கையை வைத்து, "ம், போடுங்க" என்று குனிந்தேன்.

கார் போய்விட்டது. நான் காற்றைத் தள்ளிக்கொண்டு நாலடி தடுமாறி நின்றேன்.

"அக்கா, அண்ணாத்தே உன்ன உட்டுட்டு பூட்டாரு!" என்று கடையிலிருந்து மெக்கானிக் கத்தினார்.

திருப்பம் வரை போன கார், இடது பக்கக் கதவு ஆவென்று திறந்திருக்க, ரிவர்ஸிலேயே வந்து என் பக்கத்தில் நின்றது. இவர் முகம் வெளுத்திருந்தது. "நீ எப்பவும் போல ஓடி வந்து ஏறிடுவேன்னு நெனச்சேம்மா" என்றார்.

"நிறுத்திட்டீங்களே, அணைஞ்சிடப் போவுது" என்றேன். அணையவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நிற்கிற அந்தக் காரில் நான் நிதானமாக ஏறி உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.