நெருஞ்சி முள்ளுக்குப் பயந்த கொடிவீரன்

மார்பில் மூன்று அம்பு தைத்தும் கீழே விழாமல், எரிகின்ற பாசறைக்கு முன்னால் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றானே ஒரு படைவீரன்... நீங்கள்கூட விசில் அடித்திருப்பீர்கள்... அவன் நான்தான். அவன் வீரனும் அல்ல, ஒரு மண்ணும் அல்ல. நெருஞ்சி முள்ளுக்குப் பயந்து நின்றவன். நின்றதோடு விட்டானா? ஒரு பொய் சொல்லி, அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய மனிதனின் பெயரையும் கெடுத்தவன்!

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றே அதைத் தேடிப் பிடித்து, நிறுத்தி நிறுத்தி என் முழங்காலைத்தான் பார்ப்பீர்கள்.

அப்போது நான் மறைமலை நகரில், கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளன். குடியிருப்பு சிட்லபாக்கம். சோடாபுட்டிக் கண்ணாடி, முன்னே வந்த தொப்பை. கேளம்பாக்கத்துக்கு அப்பால் ஒரு பெரிய பொட்டலில் சரித்திரப் படம் எடுக்கிறார்கள், படைக்கு ஆள் வேண்டும் என்று காதில் விழுந்ததும், மஞ்சள் காமாலை என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் போருக்குப் போய்விட்டேன். நாட்டுக்காகப் போருக்குப் போனவர்கள் உண்டு. காமாலையோடு போனவன் நான் ஒருவன்தான்!

போர் எப்படி நடந்தது தெரியுமா? மொத்தம் முந்நூறு பேர். காலையில் சிவப்புத் தலைப்பாகை கட்டினால் நாம் நம் மன்னரின் படை. சாம்பார் சாதம் சாப்பிட்டு முடித்து நீலத் தலைப்பாகை கட்டினால் அதே முந்நூறு பேரும் எதிரிகள். காலையில் நான் விட்ட அம்புக்கு மதியம் நானே செத்தேன். மிச்சம் முப்பதாயிரம் பேரைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வார்களாம்.

களத்தில் ஒரே ஒரு சட்டம்தான். விழுந்தவன் விசில் ஊதும்வரை எழக்கூடாது. எறும்பு கடித்தாலும், யானை பக்கத்தில் சாணி போட்டாலும், பிணம் பிணமாகவே இருக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஏழுமலை. கடலோரக் குப்பத்து மீனவர். வலை இழுத்து இழுத்துத் தோள் இரண்டும் தூண் மாதிரி இருக்கும். பன்னிரண்டு அடிக் கொடிக்கம்பத்தைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டில் ஏறச் சொன்னபோது எல்லோரும் காற்றில் தள்ளாடினார்கள். அவர் ஏதோ குடை பிடித்துப் போகிறவர்போல ஏறிவிட்டார். கடைசிக் காட்சியின் கொடி அவருக்கே என்று முடிவானது. வீட்டுக்குப் போயும் நான்கு நாள் துடுப்பைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் ஓடிப் பழகினார். குப்பமே கூடி வேடிக்கை பார்த்ததாம்.

குப்பத்தில் அவருக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. படகைக் கடலில் தள்ளும்போது அலையை எண்ணிக் குரல் கொடுப்பவர் அவர்தான். எந்த அலைக்குக் காத்திருப்பது, எந்த இடைவெளியில் தள்ளுவது என்று எண்ணிச் சொல்வார். அவர் சொன்னபடி தள்ளினால் படகு கவிழாது. அத்தனை பேரும் அந்த எண்ணிக்கையை நம்பித்தான் தோள் கொடுத்தார்கள்.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? நான் எதன்மேல் கை வைத்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டுமே!

கடைசிக் காட்சி இதுதான். என் மார்புக் கவசத்தில் மூன்று அம்புகளை முன்கூட்டியே குத்தி, கேடயத்தால் மறைத்துவிட்டார்கள். சிவப்புத் துணி அசைந்ததும் நான் கேடயத்தை விலக்கி, "ஆ" என்று விழ வேண்டும். துணி அசைந்ததிலிருந்து ஏழுமலை ஐந்து எண்ணிவிட்டு, பின்னாலிருந்து ஓடிவந்து, என்னைத் தாண்டி, மேட்டில் ஏறிக் கொடியை நட வேண்டும். பின்னால் பாசறை எரியும். நிஜமாகவே கொளுத்துகிறார்கள். ஒருமுறைதான் எரியும், ஒருமுறைதான் எடுக்க முடியும்.

"யோவ் கண்ணாடி! துணி ஆடுனதும் நீ அவுட்டு, புரியுதா? ஸ்டைலா சாவணும்னு நெனைக்காத, சட்டுனு சாவு," என்றார் உதவி இயக்குநர்.

எனக்குப் புரிந்தது. ஆனால் ஒத்திகையில் அந்த இடத்தில் ஒருமுறை விழுந்திருந்தேனே! அது முழுக்க நெருஞ்சி. எங்கெங்கே தைத்தது என்பதை ஒரு கௌரவமான மனிதன் எழுத முடியாது...

துணி அசைந்தது. கேடயத்தை விலக்கினேன். அம்புகள் தெரிந்தன. விழவில்லை! எந்தப் பக்கம் முள் இல்லை என்று தேடிக்கொண்டு நின்றேன். கண்ணாடியையும் கழற்றி வைத்திருந்ததால் தரை முழுவதும் ஒரே மங்கல். மனம் மட்டும் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து.

சரியாக ஐந்து முடிந்ததும் ஓடிவந்து என்மேல் மோதினார் ஏழுமலை.

அவர் குப்புற விழுந்தார். கொடிக்கம்பம் என் மேல் சாய்ந்தது. அதைத் தள்ளிவிடத் தெம்பில்லாமல் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மண்ணில் ஊன்றினேன். கனம் தாங்காமல் முழங்கால் வெடவெடவென்று ஆடியது. தீ எரிந்தது, கொடி பறந்தது... இயக்குநர் தன்னை மறந்து, "அப்படியே நில்லு! அப்படியே நில்லு!" என்று கத்தினார்.

என் காலடியில் ஏழுமலை. வெற்று மார்போடு, முகம் புதைய, அதே நெருஞ்சியில். விசில் ஊதும்வரை அவர் அசையவே இல்லை.

விசில் ஊதியது. உதவி இயக்குநர் ஓடிவந்தார். "ஏன்யா நீ விழல?"

இங்கேதான்... இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என் பாவம். 'முள் சார்' என்று சொல்லியிருக்கலாம். முந்நூறு பேர் சிரித்திருப்பார்கள். சிரிக்க வைப்பது எனக்குப் பிடித்த காரியம்தானே! ஆனால் அந்தக் கணத்தில் எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக!

"நான் விழறதுக்குள்ள இவரு ஓடி வந்துட்டாரு சார். அஞ்சு எண்ணல. நாலுலயே வந்துட்டாரு."

ஏழுமலை தாடையிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கியபடி என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல... குழப்பமாக. விரல்களை மடக்கி மறுபடி எண்ணிப் பார்த்தார்.

"அப்டியா சார்? கொடி கைல வந்ததும் ஒரு குஷி... வேகமா எண்ணிட்டேன் போல கீது. நல்லவேள, நீ புடிச்சிகின. இல்லாங்காட்டி மொத்தமும் பேஜாராயிருக்கும்."

எனக்கு நன்றி சொன்னார்! நானும், "பரவால்லண்ணா" என்றேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு!

படம் வெளிவந்தது. தாம்பரம் தியேட்டருக்குக் குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஏழுமலையின் மனைவி கன்னியம்மா மார்க்கெட்டில் தன்னிடம் மீன் வாங்குகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் என் குடும்பத்தோடு அவர்களுக்கு முன்வரிசையில்.

கடைசிக் காட்சி. என் முழங்கால் நடுக்கம் திரை அகலத்துக்கு! பின்னணியில் முரசும் எக்காளமும் சேர, அது உயிர் பிரியும் நேரத்தின் நடுக்கமாகிவிட்டது. எனக்கே கண் கலங்கியது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. ஆமாம், பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது! உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

பின்னால் கன்னியம்மாவின் குரல் கேட்டது. "இன்னாய்யா, நீ எங்க கீற? காணமே?"

"அதோ, சாரு காலுக்குக் கீழ. முதுவு தெரீது பாரு."

"முதுவ காட்டவா நாலு நாளு துடுப்ப தூக்கினு ஓடுன?"

வரிசையே சிரித்தது. ஏழுமலை வெட்கத்தோடு விளக்கினார்: "நான் நாலுலயே ஓடிட்டேன்மே. சாரு இல்லன்னா அந்த சீனே இல்ல."

அன்று ஒட்டிக்கொண்ட பெயர் 'நாலெண்ணி'. முதலில் வெறும் கேலிதான். பிறகு ஒருநாள் ஒரு படகு அலையில் புரண்டிருக்கிறது. யாருக்கும் அடியில்லை, கடலில் நடப்பதுதான். ஆனால் எண்ணிக் குரல் கொடுத்தவர் ஏழுமலை. "சினிமாலயே நாலுல ஓடனவன்யா, இவன் எண்ற கணக்க நம்பினு எப்டி தள்றது?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். குரல் கொடுக்கும் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இதைத் தாம்பரம் மார்க்கெட்டில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டே கன்னியம்மாதான் சொன்னார். "அதுக்கே இப்ப அது எண்றதுல சந்தேகம் வந்துட்ச்சி சார். அலைய பாத்துகினு ஒதுங்கி நிக்குது."

மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் இருந்தார். படத்தில் காட்டிய போரில் நிஜமாக யார் சார் ஜெயித்தது என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டு ராஜாவும் தான் ஜெயிச்சதாதான் கல்லுல வெட்டி வச்சிருக்கான். படம் எடுத்தவருக்குப் பிடிச்ச கல்லை அவர் படிச்சிருக்கார்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எந்தப் போர்ப் படம் பார்த்தாலும் என் கண் நடுவில் நிற்கும் வீரனிடம் போவதில்லை. காலடியில் கிடப்பவர்களைப் பார்க்கிறேன். இவர்களில் யார் சரியாக எண்ணியவன்? எவன் சொன்ன பொய்யால் இவன் இங்கே கிடக்கிறான்?

இரண்டு வருடம் கழித்து ஏழுமலையின் மகளுக்குக் கல்யாணம். பந்தல் வாசலில் ஆளுயர பேனர். 'நாலெண்ணி ஏழுமலை இல்லத் திருமண விழா'. அவரே அந்தப் பெயரைப் போடச் சொல்லியிருந்தார்! மூலையில் என் படம், கொடியோடு. என்னை மேடையேற்றி, ரோஜா மாலை போட்டு, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எதிரே குப்பம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. அவரிடமிருந்து எண்ணும் வேலையைப் பறித்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக! 'அன்னைக்கு அண்ணன் அஞ்சுதான் எண்ணினாரு.' இவ்வளவுதான் வாக்கியம்.

ஆனால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்... அதே மரியாதையோடு.

"ஒம்பது மணி முகூர்த்தம்னு பத்திரிகைல போட்டிருந்தாங்க," என்றேன். "நல்லவேளை, அண்ணன் எட்டு மணிக்கே தாலிய எடுத்துக் குடுத்துடல!"

பந்தல் அதிர்ந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது... அதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ஏழுமலை. கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து என் தோளில் கை போட்டு, மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"சாரு சொன்னா கரெக்ட்டுதாம்பா," என்றார். "கூட நின்னவரு இல்ல?"

நான் தலையாட்டினேன்.