சுல்தான் கொடுத்த நாற்பது நாள்

போன வருடம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வெரிபீ நகரில், தேவாலய மண்டபத்தில் கூத்துப் போட்டோம். கதை 1187, ஜெருசலேம் நகரம் சுல்தானிடம் விழுந்த ஆண்டு. சுல்தான் வேசம் எனக்கு. குரலும் தொப்பையும் பொருந்துகின்றன என்றார்கள்.

எங்கள் கத்தோலிக்கக் கூத்துகளில் முஸ்லிமான துருக்கி ராசா கடைசியில் ஒன்றில் சாவான், இல்லையேல் ஞானஸ்நானம் பெறுவான். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் என்னையும் முழங்காலில் நிறுத்தத்தான் இருந்தார். நான் ஒற்றைக்காலில் நின்றேன். அந்த ஆண்டு வென்றவன் சுல்தான். மீட்புப்பணம் கட்டி வெளியேறச் சனங்களுக்கு நாற்பது நாள் தவணை கொடுத்தவன். அதை மாற்றினால் வேசமே வேண்டாம் என்றேன். இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு மனிசன் இறங்கி வந்தார்.

இவ்வளவு பிடிவாதமும் சரித்திரத்துக்காக அல்ல, பக்கத்து வீட்டு நானாவுக்காக. அவர் யாழ்ப்பாணத்து முஸ்லிம்; அவர்களில் அண்ணன் வயதுக்காரரை நானா என்றுதான் கூப்பிடுவோம். 1990இல் துவக்கோடு வந்த எங்கள் தமிழ் இயக்கத்து ஆட்கள் ஒரே நாளில் ஊரைவிட்டுத் துரத்திய சனங்களில் ஒருவர். அன்று எனக்குப் பதினெட்டு வயது. அவர்கள் போனதைச் சந்தியில் நின்று பார்த்தவன் நான். வேலிக்கு மேலால் ஆறு வருடம் கதைத்தும் அதைச் சொன்னதில்லை. ஒருநாள் கேட்டுவிடுவாரோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

“உங்கட ராசாதான் இந்த முறை வெல்லுறார், கட்டாயம் வாங்கோ நானா” என்று அழைத்தேன். பெரிய மரியாதை செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

மனைவியோடு முன்வரிசையில் இருந்தார். மூட்டை முடிச்சுகளோடு சனங்கள் ஒப்பாரி பாடி மேடையைச் சுற்றியபோது மண்டபமே மூக்கைச் சிந்தியது. அவர் அசையவில்லை.

முடிந்ததும் கதிரை அடுக்க வந்தார். நான் ஒட்டுத்தாடியைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

“நல்லா நடிச்சீங்க தம்பி. நாப்பது நாள், என்ன?”

“ஓம் நானா. சரித்திரத்தில அப்பிடித்தான் கிடக்கு.”

“எங்களுக்கு ரெண்டு மணித்தியாலம்.” ஒரு கதிரையை மடித்துச் சுவரில் சாத்தினார். “நீங்க அண்டைக்கு எங்க நிண்டனீங்க?”

ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

“சந்தியில. பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“ஓம், கனபேர் நிண்டவங்க” என்றார், அடுத்த கதிரையை எடுத்தபடி. “ஒருத்தரும் ஒரு வாய் தண்ணி தரல்ல.”